பதினொன்றாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் பொங்கல் முடிந்துவிட்டால் மெஷின்கள் ஓய்ந்துவிடும். ஆடியில் சூடுபிடிக்கும் காலண்டர் சீசன் மார்கழியோடு தீர்ந்துவிடும். கடைசி டைரிக்கட்டும் லோடு ஏறிப் போன பிறகு, பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் ஆர்டர் வரும்வரை இரண்டு மாதம் வேலை இருக்காது. அந்த இரண்டு மாதமும் எங்கள் முதலாளி கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். ஓடாத மெஷினைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் அவர் வினாத்தாள் ஆர்டருக்கு அலைந்தார். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரிய தேர்வு ஒன்று. எந்தத் தேர்வு என்று இப்போதும் நான் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு தீபாவளி முடிந்த கையோடு ஆர்டர் உறுதியானது. பின்னால் இருந்த காகிதக் குடோனைக் காலி செய்து, சன்னல்களை அடைத்து, நான்கு வண்ண மெஷின் ஒன்றை உள்ளே இறக்கினார்கள். ஓரமாகக் குளியலறை, படுக்க இரண்டு அறைகள், வெளியிலிருந்து வரும் சாப்பாட்டைச் சூடாக்க ஓர் அடுப்பு மேடை. வினாத்தாள் உள்ளே வந்துவிட்டால் கதவைப் பூட்டிவிடுவார்கள். தேர்வு நடந்து முடிகிற மணிவரை உள்ளே போனவர் வெளியே வர முடியாது, போன் கிடையாது. அந்தக் கட்டடத்துக்கு வேலையாட்கள் முதல் நாளே 'ஜெயிலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் அங்கே போக எல்லாருக்கும் ஆசை. பன்னிரண்டு நாளைக்கு இரட்டைச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு.

ஆசைப்பட்டால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அதைப் போலீசும் பார்ப்பார்கள், தேர்வு நடத்தும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் உள்ளே.

நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன். பில் போடுவது, வருகைப் பதிவு, சம்பளக் கவர் எல்லாம் என் பொறுப்பு. வயது இருபத்தேழு. விஸ்வநத்தத்திலிருந்து பழைய மொபெட்டில் வந்து போவேன். அச்சகத்தில் எழுதத் தயங்காத கை என்னுடையது என்பதால், பன்னிரண்டு பேரின் படிவத்தையும் நிரப்பும் வேலை எனக்கே வந்தது. பன்னிரண்டாவது ஆள் நான்தான். உள்ளே கணக்கு வைக்க ஒருவர் வேண்டுமே.

ஒரு வாரம் என் மேசை முன்னால் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் கேள்விதான் எல்லாரையும் சிரிக்க வைத்தது. கஞ்சா முதலிய போதைப்பொருள் எதையாவது எப்போதாவது பயன்படுத்தியது உண்டா, உண்டு என்றால் கடைசியாக எப்போது?

"பீடி இதுல வருமா தாயி?" என்று கட்டிங் மெஷின்காரர் கவலையோடு கேட்டார்.

"வராதுண்ணே."

"அப்ப நான் யோக்கியன்னு போட்டுக்க."

பதினொன்றாம் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. கடந்த ஐந்து வருடங்களில் எந்தக் கடனையாவது கட்டத் தவறியது உண்டா என்பது அது. பைண்டிங்கில் இருந்த அக்கா உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "குழுக் கடன் இருக்கு. ஆனா ஒரு வாரம் தவறல. செவ்வாக்கிழம செவ்வாக்கிழம கட்டிருவேன். அட்டையக் கொண்டு வரட்டா?" என்றார். கொண்டும் வந்தார். அட்டையின் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

எங்கள் மெஷின்மேன் அண்ணன் கடைசியாக வந்தார். சாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். நாற்பது வயது. மை கலப்பதில் அவர் கண்ணுக்கு முன்னால் கம்பெனிக்காரனின் வண்ண அட்டை தோற்றுப்போகும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அன்று எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒம்பதாவதுக்கு ஆமான்னு போடு."

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இருபது வயதில் திருப்பூருக்குப் போயிருக்கிறார். பனியன் லேபிள் அச்சடிக்கும் இடத்தில் வேலை. ஓர் அறையில் ஆறு பேர். கஞ்சா அந்த அறையில் டீ மாதிரி இருந்தது என்றார். நான்கு வருடம் இழுத்திருக்கிறார். ஒரு தடவை சட்டைப்பையில் பொட்டலத்தோடு பிடிபட்டு, கோர்ட்டில் அபராதம் கட்டியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்த பிறகு விட்டாயிற்று.

"கடைசியா எப்பண்ணே? பதினஞ்சு வருசம் இருக்குமா?"

"இல்ல. ரெண்டு வருசம்." கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பா தவறுன அன்னைக்கி. சுடுகாட்டுல இருந்து திரும்பி வாறேன், திருப்பூர்ல கூட இருந்த சேக்காளி ஒருத்தன் வந்திருந்தான். கையில குடுத்தான். வாங்கிட்டேன். அந்த ஒரு வாட்டிதான்."

"அதப் போய் ஏன் சொல்றீக? பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி விட்டாச்சுன்னு போட்டுருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"அவனுக்குத் தெரியும்ல?"

"யாருக்கு?"

"குடுத்தவனுக்கு. நாளப்பின்ன அவன் வந்து, 'நீ எழுதுனது பொய்யி, நான் சொல்லிருவேன், எனக்கு ஒரு தாள் எடுத்துக் குடு'ன்னு நின்னா நான் என்ன செய்ய? நடந்தத நடந்தபடி எழுது தங்கச்சி. உள்ள விடலன்னா வெளிய லேபிள் ஓட்டிட்டுப் போறேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடம் போதாமல் தனித்தாள் ஒன்று இணைத்தேன். கோர்ட் அபராதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு நல்ல வேலைக்காரர், வாயால் கெட்டுப் போகிறாரே என்று நினைத்தேன்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு, பட்டாசு ஆலை வேன்கள் ரோட்டில் வரிசையாகப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் படிவத்தை நிரப்பினேன். பதினொன்றாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். பேனா நிற்கவே இல்லை.

உண்மை வேறு. என் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்தோம். அதற்காக என் பெயரில் ஒரு வங்கியில் கடன் வாங்கினேன். ஏழெட்டுத் தவணை கட்டினேன். அம்மா வேலைக்குத் திரும்ப முடியாமல் போனதும் தவணை நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூலுக்கு இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வீட்டு வாசலில் நிற்காமல், தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, என் முழுப் பெயரைச் சொல்லி வீடு எது என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டார்கள். குடத்தோடு நின்ற அத்தனை பேரும் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்புறம் அம்மாவின் தோடு, என் சங்கிலி இரண்டையும் விற்று, வங்கியிடம் பேசி, இருந்ததைக் கட்டினோம். மிச்சத்தைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்துக் கொடுத்தார்கள். அது நடந்து மூன்று வருடமாகியிருந்தது. முடிந்த கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததால் எழுதவில்லை என்பது பொய். குழாயடி என்னோடு அச்சகத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து அதிகாரி வந்தார். சென்னைக்காரர், ஐம்பது வயதிருக்கும், அரைக்கைச் சட்டை. முதலாளி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பைண்டிங் அக்கா ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். மெஷின்மேன் அண்ணன் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது.

"என்னண்ணே கேட்டாக?"

"எங்க வாங்குன, எம்புட்டு வாங்குன, யாரு கூட இருந்தா, இப்ப அவனப் பாக்குறியா, பொண்டாட்டிக்குத் தெரியுமான்னு எல்லாத்தையும் கேட்டுட்டாரு. தெரியும்னேன். அவளுக்கே போன் போட்டுக் கேட்டாரு தங்கச்சி!"

"அண்ணி என்ன சொன்னாக?"

"'தெரியுங்க, அன்னைக்கி ராத்திரி நான் சோறு போடல'ன்னுருக்கா." முதல் முறையாகச் சிரித்தார்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எதிரே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார் அந்த அதிகாரி. என் படிவம் மேசையில் இருந்தது. அதன் மேல் இன்னொரு தாள்.

"எல்லாருடைய படிவமும் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"ரொம்பச் சுத்தமா இருக்கு. உங்களோடதும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"பதினொன்றாவது கேள்வியை இன்னொரு தடவை படிங்க."

படித்தேன். அவர் மேலிருந்த தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். வங்கி, தொகை, தவறிய மாதங்கள், தள்ளுபடி ஆன தேதி எல்லாம் அதில் இருந்தன.

"அம்மா ஆபரேஷனுக்கு வாங்குனது சார்," என்றேன்.

அவர் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். பிறகு, "அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காக சார்."

"இதை நீங்க எழுதியிருந்தா நான் ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டிருப்பேன். கடன் யாருக்குத்தான் இல்ல? கடன்ல இருக்கறவங்ககிட்ட யாராவது பணத்தை நீட்டிடுவாங்களோன்னு ஒரு பயம், அதுக்காகத்தான் அந்தக் கேள்வி. ஆனா மறைக்கறவங்ககிட்ட பணமே நீட்ட வேண்டாம்மா. 'வெளிய சொல்லிடுவேன்'னு சொன்னாலே போதும்."

ஒரு மாதம் முன்பு அந்த அறைக்கு வெளியே, என் மேசை முன்னால், சாப்பாட்டுத் தூக்கோடு ஒருவர் எனக்கு இதைத்தான் சொல்லியிருந்தார்.

பட்டியல் மார்கழியில் தபாலில் வந்தது. முதலாளி வழக்கம்போல அதை என்னிடம் கொடுத்து, "சத்தமா வாசிம்மா" என்றார். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒன்பது பெயர்கள். மெஷின்மேன் அண்ணன் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு நிபந்தனை: விருதுநகரில் சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஒன்று, இரண்டும் சரியாக இருந்தால் அனுமதி. என் பெயர் இல்லை. என் பெயர் இல்லாத பட்டியலை நானே கடைசிவரை வாசித்தேன்.

எல்லாரும் போன பிறகு முதலாளி, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அன்று வண்டியை எடுக்கப் போனபோது மெஷின்மேன் அண்ணன் நின்றிருந்தார். அதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பையிலிருந்து சாத்தூர்ச் சேவுப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் வண்டிப் பையில் வைத்துவிட்டு, "அடுத்த வருசமும் படிவம் வரும்ல?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மாசியில் ஜெயில் கதவு மூடியது. நான் வெளியே இருந்தேன். மூன்று வேளைச் சாப்பாட்டையும் சரிபார்த்துக் காவலரிடம் கொடுப்பதும், வீடுகளிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. அவசரச் செய்தி இருந்தால் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். காவலர் படித்துப் பார்த்து, முத்திரை குத்தி உள்ளே அனுப்புவார்.

மெஷின்மேன் அண்ணனின் மனைவி தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்வார். அவருக்கு அவசரம் என்றால் என்னவென்று நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. "இன்னைக்கிக் கத்தரிக்காக் கொளம்பு வச்சேன்னு எழுதிருங்க மதினி." எழுதுவேன். மறுநாள், "முருங்கமரம் பூத்திருக்குன்னு எழுதுங்க." எழுதுவேன்.

காவலர் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "ஏம்மா, கத்தரிக்கான்னா இதுல வேற அர்த்தம் எதுவும் இருக்கா?"

"இல்லண்ணே. கத்தரிக்காதான்."

சந்தேகத்தோடு முத்திரை குத்துவார். சாயந்தரம் உள்ளேயிருந்து பதில் வரும். எல்லா நாளும் ஒரே பதில்தான்: 'சரி.' அதை நான் போனில் படித்துக் காட்டுவேன். அந்தப் பக்கம் அவர் "சரியாம்" என்று பிள்ளைகளிடம் சொல்வது கேட்கும். அந்தச் சீட்டுகளில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் விதிப்படி கிழித்துவிட்டார்கள்.

முடிந்த காலண்டர் சீசனுக்கான போனஸ் பங்குனியில் வந்ததும் வங்கிக்குப் போனேன். பழைய கணக்கில் தள்ளுபடி செய்த மிச்சத்தைக் கட்ட வந்திருக்கிறேன் என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தள்ளுபடி பண்ணினதையா கட்ட வந்திருக்கீங்க? யாரும் கேட்கலியேம்மா."

"தெரியும் சார். கட்டினா, முழுசாக் கட்டியாச்சுன்னு எழுதித் தருவீங்களா?"

அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். உண்டு என்றார்கள். மூன்று தவணையில் கட்டினேன். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. பசித்தது. எதிர்க் கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனேன்.

அடுத்த படிவத்தில் பதினொன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, ஒன்றரைப் பக்கத் தனித்தாள் இணைத்தேன். போன வருடம் பொய் எழுதியதையும் அதில் எழுதினேன். வசூல்காரர்கள் குழாயடியில் நின்றதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எழுதினேன். அதே அதிகாரிதான் வந்தார். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, போங்க" என்றார். முழுதாக மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்படித்தான் ஜெயிலுக்குள் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான பன்னிரண்டு நாட்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. போன் இல்லை, தெரு இல்லை. பத்து பேர். மை வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்த காற்று. என் வேலை வீணான தாள்களை எண்ணுவது. மை தடித்த தாள், கோணலாக வந்த தாள், மடங்கிய தாள், ஒன்றுவிடாமல் எண்ணி, எடை போட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிழிக்க வேண்டும். வினாக்களைப் படிக்கக் கூடாது. படிக்காமல் எண்ணப் பழக இரண்டு நாள் ஆனது.

மெஷின்மேன் அண்ணன் மெஷினை விட்டு நகர மாட்டார். "ஏலே, தாள ஒதறிப் போடுலே" என்று உதவியாளிடம் சொல்லும் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். மத்தியானம் மெஷினை நிறுத்தும்போது எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பைண்டிங் அக்கா தன் கல்யாணக் கதையை நாளுக்கு ஒரு பகுதியாகச் சொன்னார். கட்டிங் மெஷின்காரர் பீடி இல்லாமல் தவித்து, நான்காம் நாள் எல்லாரோடும் சண்டை போட்டு, ஆறாம் நாள் சரியானார். என் கடனும் அண்ணனின் திருப்பூரும் அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தன. யாரும் அதைப் பேசியதில்லை. மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் மனிதர்கள் எவ்வளவு சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வழக்கம்போலப் பதினொரு மணிச் சீட்டு வந்தது. இந்தத் தடவை அதை எழுதியது வேறு யாரோ. 'கத்திரிக்காய்' என்று இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை தேர்வு. லாரிகள் முன்பே போய்விட்டன. எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, குளித்து, பத்து பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் பத்தானபோது பைண்டிங் அக்கா மெதுவாக, "இப்ப பிரிச்சிருப்பாகள்ல?" என்றார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் நாங்கள் தொட்ட தாளைக் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மெஷின்மேன் அண்ணன் நகக்கண்ணில் இருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குக் காவலர் பூட்டைத் திறந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. அம்மா வாசலில் நின்றிருந்தார். சாத்தூரிலிருந்து அண்ணனின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். போனில் மட்டுமே கேட்டிருந்த குரலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, சிரித்தால் மூடிக்கொள்ளும் கண்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எளச்சுப் போயிட்டீகளே மதினி, உள்ள ஒழுங்காச் சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். அண்ணன் பின்னால் நின்றுகொண்டு சின்னவளைத் தூக்கி வைத்திருந்தார்.

நான்கு வருடம் அந்த ஆர்டர் வந்தது. பிறகு தேர்வுகள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. குடோனில் மறுபடியும் காகிதம் அடுக்கினார்கள். நான் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்து, இப்போது ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மெஷின்மேன் அண்ணன் சாத்தூரிலேயே தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் இருக்கிறார். அந்த வருடங்களில் ஒவ்வொரு தடவையும் அவர் பரிசோதனைக்குப் போனார், ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மூத்த மகளுக்கு அரசு வேலை கிடைக்கப்போகிறது, போலீஸ் விசாரணைப் படிவம் வந்திருக்கிறது, அதை நிரப்பித் தர முடியுமா என்று கேட்டார். கொண்டுவாங்க அண்ணே என்றேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் படிவத்தை என்னிடம் கொடுக்கவில்லை. "பக்கத்துல மட்டும் இருங்க அத்தே, நானே எழுதுறேன்," என்றாள். அவள் எழுதி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் கூப்பிடு தூரத்தில், சமையலறை வாசலில் உட்கார்ந்து, கட்டிங் மெஷின்காரர் நான்காம் நாள் போட்ட சண்டையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.